ஏற்றுவது லேசு, இறக்குவதுதான் பாடு: ஓடுபாதை இல்லாத ஆளில்லா விமானம்

பட்டம் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒருவர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மற்றவர் நூலோடு தள்ளி நின்று, காற்று வருகிற நேரம் பார்த்து "விடு" என்று கத்துவார். வாடை நன்றாக வீசினால் ஓடவே தேவையில்லை, நின்ற இடத்திலேயே பட்டம் கிளம்பிவிடும். காற்றில்லாத நாளில் வயல் முழுக்க ஓடினாலும் அது வரம்பில் தலைகீழாகக் குத்தும். பட்டத்தின் முகத்தில் போதிய வேகத்தில் காற்றுப் படவேண்டும், அவ்வளவுதான். அந்தக் காற்று தானாக வீசியதா, நாம் ஓடியதால் வந்ததா என்பது பட்டத்துக்குத் தெரியாது. விமானத்தின் இறக்கைக்கும் தெரியாது.

ஓடுபாதை என்றால் நீளமான தார்ப்பாதை என்று சொல்லிவிடுவோம். விமானத்தின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. நின்றுகொண்டிருக்கும் ஒன்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றிக் கொடுக்கும் இடம் அது. திரும்பி வரும்போது அந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும் இடமும் அதுதான். ஓடுபாதை இல்லையென்றால் வேகம் தேவையில்லை என்று ஆகிவிடாது. அதே வேகத்தை மூன்று நான்கு மீற்றருக்குள் கொடுக்கவேண்டும், மூன்று நான்கு மீற்றருக்குள் வாங்கவேண்டும். கவண், கயிறு, வலை, பரசூட் என்று ஆளில்லா விமானத் துறையில் பார்ப்பதெல்லாம் இந்த ஒரே நெருக்கடிக்கு ஆளாளுக்குக் கண்டுபிடித்த பதில்கள்.

வன்னியில் போய் "விமானம் இறக்க இடமில்லை" என்றால் சிரிப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தானே. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வயலை மேலிருந்து படம் எடுக்கவேண்டிய தேவை எப்போது வருகிறது? காலபோகத்தில், அதாவது மாரிகால நெற்செய்கையில், பயிர் நிற்கும்போது, அல்லது வெள்ளம் வந்தபோது. 2018 டிசம்பர் கடைசியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் நின்றபோது, மேலிருந்து பார்க்க ஒரு கண் வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. அப்போது காய்ந்த நிலம் எங்கே? அறுவடை முடிந்த பிறகு நிலம் காயும், ஆனால் அப்போது பார்க்கப் பயிர் இல்லை. காய்ந்த வயலிலும் பத்திருபது மீற்றருக்கு ஒரு வரம்பு குறுக்கே கிடக்கும். உள்ளங்கை அளவுச் சில்லு வைத்த விமானத்துக்கு அந்த வரம்பு ஒரு மதில். றோட்டில் இறக்கலாம் என்றால் கரண்ட் கம்பி, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள். குளக்கட்டு நேராக இருக்கும், ஆனால் காற்று அதற்குக் குறுக்காக அடித்தால் முடிந்தது கதை. இரணைமடுவுக்குப் பக்கத்தில் உண்மையான ஓடுபாதை ஒன்று இருக்கிறது. அது விமானப்படையின் கையில் இருப்பதால் இந்தக் கட்டுரைக்குள் வராது.

சரி, கணக்குக்கு வருவோம். ஓர் ஆளில்லா விமானம் 20 கிலோ என்று வையுங்கள். அது பறக்க செக்கனுக்கு 25 மீற்றர் வேகம் வேண்டும், அதாவது மணிக்கு 90 கிலோமீற்றர். 125 மீற்றர் ஓடுபாதை இருந்தால் 10 செக்கன் எடுத்து ஆறுதலாக அந்த வேகத்துக்கு வரலாம். உள்ளே இருக்கும் கமராவுக்கும் பற்றரிக்கும் எதுவுமே தெரியாது. அதையே 4 மீற்றர் நீளமுள்ள ஒரு தண்டவாளத்தில் செய்தால் மொத்தமாக மூன்றில் ஒரு செக்கன்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் விமானத்தின் ஒவ்வொரு பாகமும் தன் நிறையைப் போல் எட்டு மடங்கு பாரமாகிப் பின்பக்கம் இழுக்கும். 200 கிராம் பற்றரி 1.6 கிலோ ஆகிவிடும். மெல்லிய இரட்டைப்பக்க ரேப்பில் ஒட்டிய பற்றரி என்றால் அது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: அந்த வேகத்தில் அந்த விமானத்துக்குள் இருக்கும் சக்தி, 50 கிலோ அரிசி மூடை ஒன்றைப் பன்னிரண்டு பதின்மூன்று மீற்றர் உயரத்துக்குத் தூக்கிய சக்திக்குச் சமம். ஏற்றும்போது அதைக் கொடுக்கவேண்டும். இறக்கும்போது அந்த மூடை விழுவதை யாராவது ஏந்தவேண்டும்.

வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் சக்தி நான்கு மடங்காகும். அதனால்தான் இந்த விமானங்களைச் செய்பவர்கள் வேகத்தைக் குறைக்க அவ்வளவு பாடுபடுகிறார்கள். குறைக்க மிக மலிவான வழி, காற்றுக்கு எதிரே விடுவது. செக்கனுக்கு 11 மீற்றர் வேண்டிய சிறிய விமானம் செக்கனுக்கு 6 மீற்றர் வீசும் சோளகத்தை எதிர்த்துக் கிளம்பினால், நிலத்திலிருந்து பார்க்க அதற்கு 5 மீற்றர் வேகம் போதும். சைக்கிளில் ஓடிப் பிடித்துவிடலாம். இந்த விடயத்தில் வன்னி கொடுத்துவைத்த இடம் என்பேன். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கிற சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது, மாரியில் வருகிற வாடை வடகிழக்கிலிருந்து. இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள். தென்மேற்கு வடகிழக்காக நீண்ட ஒரு திறந்த இடத்தை ஒருமுறை தேடி வைத்துக்கொண்டால் அரை வருடம் இந்தப் பக்கம் பார்த்து விடலாம், மிச்சக் காலம் திரும்பி நின்று விடலாம்.

இனி ஏற்றும் வழிகள். இரண்டு கிலோவுக்குள் உள்ள ரெஜிபோம் விமானத்தைக் கையால் எறிந்தே விடலாம். இராணுவங்கள் வைத்திருக்கும் ரேவன் என்ற சிறிய வேவு விமானமும் ஏறத்தாழ இரண்டு கிலோதான், ஒரு சிப்பாய் கையால் எறிகிறார். எறிவதில் ஒரு நுட்பம் இருக்கிறது: கல் எறிகிற மாதிரி மேல்நோக்கி எறியக்கூடாது. மூக்கைச் சற்றே தூக்கி, கிட்டத்தட்ட நேராகத் தள்ளவேண்டும். மேல்நோக்கி எறிந்தால் கிடைத்த கொஞ்ச வேகத்தையும் உயரத்துக்குச் செலவழித்துவிட்டு, உச்சியில் வெறுங்கையோடு நின்று விழும். புதியவர்களின் விமானங்களில் பாதி இப்படித்தான் உடைகிறது.

பின்பக்கம் புரொப்பெல்லர் உள்ள விமானத்தை எறியும்போது விரல் கவனம். விமானத்தைத் தானாக ஓட்ட இலவசமாகக் கிடைக்கும் ஆர்டுபைலட் போன்ற மென்பொருள்களில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. விமானம் திடீரென்று முன்னால் தள்ளப்பட்டதை உணர்ந்த பிறகுதான், அதுவும் ஒரு செக்கனில் சிறு பங்கு காத்திருந்துதான், மோட்டர் சுற்றத் தொடங்கும். அதற்குள் கை விலகியிருக்கும். இந்த அமைப்பைச் சரிபார்க்காமல் எறியும் வீரர்களைக் கண்டிருக்கிறேன். நகம் போன கதையும் தெரியும்.

கைக்கு அடங்காத நிறை என்றால் அடுத்தது கெற்றப்போல். சின்ன வயதில் மாங்காய்க்கு அடித்த அதே சாமான்தான், அளவு மட்டும் பெரியது. நிலத்தில் ஒரு கட்டை அடித்து, அதிலிருந்து றப்பர் நாண், நாணின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு வளையம். விமானத்தின் வயிற்றில் ஒரு கொளுக்கி. பின்னால் நடந்து இழுத்துக்கொண்டு போய் விட்டால், விமானம் முன்னேறி நாண் தளரும்போது வளையம் தானாகக் கழன்று விழும். சர்வீஸ் ஸ்ரேஷனில் கழித்துவிட்ட சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பின்னிக்கூடச் செய்யலாம், ஆனால் பழைய ரியூப் எந்த நேரம் அறுந்து முகத்தில் அடிக்கும் என்று சொல்லமுடியாது. நல்ல றப்பர் வாங்குங்கள்.

எங்களுடைய முதல் கெற்றப்போல் முயற்சியைச் சொல்லத்தான் வேண்டும். தம்பிமார் இரண்டு பேரும் நானும் சேர்ந்து செய்த மூன்று கிலோ விமானம். கட்டை அடித்து, நாணை இழுத்து, காற்றுப் பார்த்து எல்லாம் சரி. விட்டதும் விமானம் அழகாகக் கிளம்பி, நாலு மீற்றரில் மூக்கை வானத்துக்குக் காட்டி, வாலில் நின்று, ஆட்டுக்கடா மாதிரி ஒரு கணம் யோசித்துவிட்டு, முதுகில் விழுந்தது. எங்களுக்குக் காரணம் விளங்கவில்லை. மூடியைத் திறந்தால் பற்றரி பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னே சொன்ன எட்டு மடங்குக் கணக்கை நான் படித்தது அதற்குப் பிறகுதான். பற்றரி பின்னால் போனால் விமானத்தின் பாரச்சமநிலையும் பின்னால் போகும், மூக்கு எழும்பும், பிறகு எந்தக் கம்பியூட்டராலும் பிடிக்கமுடியாது. இப்போது பற்றரிக்குப் பின்னால் ஒரு மரக்குற்றி வைத்துத்தான் கட்டுகிறோம்.

பெரிய கவண்கள் எல்லாம் இதே வேலையைக் கட்டுப்பாட்டோடு செய்பவைதான். சாய்ந்த தண்டவாளம், அதில் ஓடும் ஒரு தட்டு, தட்டைத் தள்ள அழுத்திய காற்று அல்லது மின்மோட்டர். ருவண்டாவில் 2016 ஒக்டோபரிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு இரத்தம் கொண்டுபோகும் ஸிப்லைன் நிறுவனத்தின் விமானங்கள் இப்படித்தான் கிளம்புகின்றன. மலையும் மேடுமான நாட்டில் அதற்குத் தேவைப்பட்டது ஒரு தண்டவாளம் வைக்கும் அளவு இடம்தான்.

இது புதிய யோசனை என்று நினைக்கவேண்டாம். ரைட் சகோதரர்களே 1904 செப்டெம்பரில் இதைச் செய்தார்கள். ஒஹாயோவில் அவர்கள் பறந்த மேய்ச்சல் நிலத்தில் காற்றுப் போதவில்லை. ஆறு மீற்றர் அளவில் ஒரு மரக்கோபுரம் கட்டி, உச்சியில் 700 கிலோ வரையான பாரத்தைத் தூக்கி வைத்து, கப்பி வழியாகக் கயிற்றை விமானத்தில் கொளுவினார்கள். பாரத்தை விழவிட்டால் விமானம் முன்னால் ஓடும். நம்முடைய துலாவில் பின்பாரம் இறங்க வாளி ஏறுகிறதே, அதே யோசனை. றப்பரைவிட இதில் ஒரு நன்மை உண்டு. றப்பர் தொடக்கத்தில் மூர்க்கமாக இழுத்து முடிவில் சோர்ந்துவிடும். விழும் பாரம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஏறக்குறைய ஒரே அளவில் இழுக்கும். காய்ச்சின முட்டியை இறக்குகிற மாதிரி மெதுவாக ஏற்றவேண்டிய கமரா வைத்திருப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

வேறு வழிகளும் இருக்கின்றன. ரொக்கெட் ஒன்றைக் கட்டி உதைத்து அனுப்புவது இராணுவ வழி, அதை இங்கே யாரும் நினைத்தும் பார்க்கக்கூடாது. எனக்குப் பிடித்தது கார்க் கூரை வழி. 1998 ஓகஸ்டில் ஏரோசொண்ட் என்ற சிறிய ஆளில்லா விமானம் ஒன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து அத்திலாந்திக்கைக் கடந்து 26 மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூடிய நேரத்தில் ஸ்கொட்லாந்துப் பக்கத் தீவொன்றில் இறங்கியது. அத்திலாந்திக்கைக் கடந்த முதல் ஆளில்லா விமானம் அது. ஓடுகிற ஒரு காரின் கூரைத் தட்டில் வைத்துத்தான் அதைக் கிளப்பினார்கள். சில்லே கிடையாது. இறங்கியது வயிற்றால்.

இப்போது தலைப்புக்கு வருவோம். ஏற்றும்போது விமானம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், நம் கையில்தான் இருக்கிறது. இறங்கும்போது அது நம்மைத் தேடி வரவேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் காற்றில், பற்றரி குறைந்த நிலையில், ஒரு சிறிய இடத்தைக் கண்டுபிடித்து, தன் வேகம் முழுவதையும் அங்கே கொட்டவேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது "எப்படி எழுப்புவது" என்றுதான். முதலில் இறக்க இடமும் வழியும் முடிவாகட்டும் என்பேன். எழுப்புவதற்கு ஆயிரம் வழி.

மிகச் சுலபம் வயிற்றால் இறக்குவது. ரெஜிபோம் உடம்பு, அடியில் கொஞ்சம் பலமான ரேப், மோட்டரை நிறுத்திவிட்டு மிதந்து வந்து புல்லில் சறுக்கி நிற்பது. இதில் பலர் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல விமானம் 10 மீற்றர் முன்னால் போனால் 1 மீற்றர்தான் கீழே இறங்கும். வயலின் எல்லையில் 15 மீற்றர் உயரப் பனைகள் நின்றால், அவற்றின் தலைக்கு மேலால் வருகிற விமானம் நிலத்தைத் தொட இன்னும் 150 மீற்றர் வேண்டும். நிலத்துக்குக் கிட்ட வந்ததும் இறக்கைக்கும் நிலத்துக்கும் இடையில் காற்று மெத்தை மாதிரித் தாங்க, இன்னும் கொஞ்சத் தூரம் மிதக்கும். நன்றாகப் பறக்கிற விமானம்தான் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இதை வெல்ல இறக்கையில் தடைத்தட்டு எழுப்புவது, புரொப்பெல்லரைப் பின்பக்கமாகச் சுழற்றுவது என்று செய்கிறார்கள். ரேவன் செய்வது வேறு. மூக்கை வேண்டுமென்றே அளவுக்கு மிஞ்சித் தூக்கி, இறக்கை காற்றைப் பிடிக்கும் தன்மையை இழக்கச் செய்து, பொத்தென்று செங்குத்தாக விழும். விழுந்ததும் துண்டு துண்டாகக் கழன்றுபோகும். அது உடைவதல்ல, அப்படிக் கழலும்படிதான் செய்திருக்கிறார்கள். மோதலின் சக்தி உடம்பை முறிக்காமல் மூட்டுகளைக் கழற்றுவதில் செலவாகிவிடும். பொறுக்கி, பூட்டி, மறுபடி எறியவேண்டியதுதான்.

அடுத்தது பரசூட். 5 கிலோ விமானம் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் இறங்கும்படி பரசூட்டின் அளவைத் தெரிவு செய்தால், நிலத்தில் படும் அடி ஏறக்குறைய 1.3 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்த அடி. தாங்கும். விமானிக்குத் திறமை வேண்டாம், நீளமான இடமும் வேண்டாம். ஆனால் விரிந்த பிறகு விமானம் நம்முடையதில்லை, காற்றுடையது. 60 மீற்றரில் விரித்தால் இறங்க 12 செக்கன் ஆகும். செக்கனுக்கு 8 மீற்றர் சோளகம் அடித்தால் அதற்குள் 96 மீற்றர் நகர்ந்திருக்கும். ஆகவே இறக்கவேண்டிய இடத்துக்கு நேர் மேலே விரிக்கக்கூடாது, காற்று வரும் பக்கமாக அந்தத் தூரம் தள்ளிப்போய் விரிக்கவேண்டும். குளத்துக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கைப் பிழைவிட்டால் வள்ளம் தேடவேண்டி வரும். இரண்டாம் தடவை முயற்சி என்பதும் இதில் கிடையாது.

பிறகு வருவன பிடிக்கும் முறைகள். இந்தப் பகுதிதான் எனக்கு எல்லாவற்றிலும் சுவாரசியம். பயொனியர் என்ற, 200 கிலோ அளவுள்ள ஆளில்லா விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பின்தளத்தில் பெரிய வலை கட்டிப் பிடித்தன. கரப்பந்தாட்ட வலையைக் கப்பலளவுக்குப் பெருப்பித்ததைப் போல. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கியச் சிப்பாய்கள் வெள்ளைத் துணி காட்டிச் சரணடைந்தது இந்த விமானத்துக்குத்தான், உள்ளே ஆளில்லாத ஒன்றுக்கு. வலையில் ஒரு தொல்லை: விமானம் இடம் வலமும் சரியாக வரவேண்டும், உயரமும் சரியாக வரவேண்டும். சற்றுத் தாழ்ந்தால் கப்பலின் இரும்பில் மோதும்.

ஸ்கேன் ஈகிள் என்ற விமானத்தைச் செய்தவர்கள் இதைத் தலைகீழாக யோசித்தார்கள். அந்த விமானத்தின் பூர்வீகம் இராணுவமல்ல. ஆழ்கடலில் சூரை மீன் கூட்டத்தைத் தேட மீன்பிடிக் கப்பல்களுக்கென்று தொடங்கிய வடிவமைப்பு அது. முல்லைத்தீவுக் கரையில் நின்று இதைக் கேட்டால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள், மீன்பிடிக் கப்பலில் ஓடுபாதைக்கு எங்கே போவது? அவர்கள் கண்டது ஒரு கயிறு. உயரமான கம்பத்திலிருந்து செங்குத்தாகத் தொங்கும் ஒற்றைக் கயிறு. விமானம் நேரே வந்து தன் இறக்கையால் அந்தக் கயிற்றில் மோதும். இறக்கை பின்பக்கம் சாய்ந்திருப்பதால் கயிறு அதன் விளிம்பு வழியே நுனிவரை வழுக்கிப்போய், நுனியிலுள்ள கொளுக்கியில் மாட்டிக்கொள்ளும். விமானம் கயிற்றைச் சுற்றி ஊஞ்சலாடி நிற்கும்.

ஏன் செங்குத்துக் கயிறு? இதுதான் விடயம். ஜிபிஎஸ் எப்போதும் உயரத்தில்தான் அதிகம் பிழைவிடும். தொங்கும் கயிற்றுக்கு உயரம் முக்கியமில்லை, நாலு மீற்றர் மேலே மாட்டினாலும் கீழே மாட்டினாலும் ஒன்றுதான். இடம் வலம் மட்டும் சரியாக வந்தால் போதும், அதிலும் இறக்கையின் நீளம் அளவுக்கு விட்டுக்கொடுப்பு இருக்கிறது. ஸிப்லைன்காரர் செய்வது இதற்கு எதிர்மாறு. இரண்டு கம்பங்களுக்கு இடையில், உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரிக் குறுக்காகக் கட்டிய கயிறு, விமானத்தின் வாலில் ஒரு கொளுக்கி. இங்கே இடம் வலம் சற்று விலகினாலும் பரவாயில்லை, உயரம் சரியாக வரவேண்டும். ஆகவே அந்த விமானம் தன் உயரத்தை மிக நுணுக்கமாக அறிந்திருக்கவேண்டும். எந்தப் பிடிக்கும் முறையைப் பார்த்தாலும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இது எந்தப் பிழையை மன்னிக்கிறது? கயிறு உயரப் பிழையை மன்னிக்கும். கொடி பக்கப் பிழையை மன்னிக்கும். பரசூட் இரண்டையும் மன்னித்துவிட்டுக் காற்றுக்குக் கப்பம் கேட்கும். வயிற்றால் இறங்குவது, நிலம் நீளமாக இருந்தால் நீளப் பிழையை மன்னிக்கும்.

கயிற்றிலும் கொடியிலும் இன்னொரு நிம்மதி உண்டு. தவறினால் முன்னால் வெறும் வானம்தான், சுற்றி வந்து மறுபடி முயலலாம். ஆனால் சும்மா கைத்தொலைபேசியில் உள்ள ஜிபிஎஸ் இதற்குப் போதாது, அது சில மீற்றர் பிழைவிடும். கம்பத்தடியில் இன்னொரு ஜிபிஎஸ் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் விடும் பிழையைக் கழித்துப் பார்த்தால் சென்ரிமீற்றர் அளவுக்கு வரலாம். நில அளவையாளர்கள் ஆர்டிகே என்று சொல்வது இதைத்தான். இப்போது அந்தக் கருவிகள் முன்னைப்போல் விலையில்லை.

"இவ்வளவு பாடு எதற்கு? கலியாண வீட்டில் படமெடுக்கும் ட்ரோன் நின்ற இடத்தில் எழும்பி நின்ற இடத்தில் இறங்குகிறதே" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பதில் பற்றரியில் இருக்கிறது. இறக்கை 10 மீற்றர் போய் 1 மீற்றர் இறங்கும் என்றேன் அல்லவா, அதையே வேறு விதமாகச் சொன்னால், 5 கிலோ விமானத்தை வானில் தாங்க அரைக் கிலோ அளவு முன்தள்ளல் போதும். மிச்சத்தை இறக்கை பார்த்துக்கொள்ளும். இறக்கையில்லாத ட்ரோன் 5 கிலோவையும் விசிறியாலேயே தூக்கிப் பிடிக்கவேண்டும், ஒவ்வொரு செக்கனும். சுமாராகக் கணக்கிட்டால் முதலாவதற்கு 120 வாற்று, இரண்டாவதற்கு 600 வாற்று. அதனால்தான் கலியாண ட்ரோன் அரை மணித்தியாலத்தில், மிஞ்சினால் முக்கால் மணித்தியாலத்தில் இறங்கிவிடுகிறது. ஒரு வயலுக்கு மருந்தடிக்க அது போதும். மாங்குளத்திலிருந்து காட்டுக்கு மேலால் நெடுங்கேணிப் பக்கம் போய் யானை நிற்கிறதா என்று பார்த்துவரப் போதாது.

இரண்டையும் ஒட்டுப்போட்ட இனம் ஒன்று இருக்கிறது. இறக்கையுள்ள விமானத்தில் நாலு தூக்கு விசிறிகளையும் பூட்டிவிடுவார்கள். எழும்பும்போதும் இறங்கும்போதும் விசிறி, நடுவில் இறக்கை. தூக்கு விசிறிகள் பயணம் முழுக்கச் சும்மா சுமக்கும் பாரம்தான், ஆனாலும் ஒரு நிமிடம் ஏற, ஒரு நிமிடம் இறங்க என்றால் பற்றரி தாங்கும். கவண் வேண்டாம், கம்பம் வேண்டாம், வீட்டு முற்றம் போதும். புதிதாக ஒன்று வாங்கப்போகிறவர் கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன். ஒரே ஒரு எச்சரிக்கை: இறங்க வந்து அந்தரத்தில் நிற்கும்போது அந்தப் பெரிய இறக்கை பாய்மரமாகிவிடும். ஆடி மாதத்துச் சோளகத்தில், மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி வைக்கவில்லையென்றால் பக்கத்துக் காணிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

பக்கத்துக் காணி என்று சொல்லும்போது சிரிப்பாக இருக்கலாம். வன்னியில் அது சிரிப்பில்லை. பிற நாட்டுக் கையேடுகளில் "விமானம் விழுந்த இடத்துக்கு நடந்துபோய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி இருக்கும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி இருக்கிறது என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் காணியில் விழுந்தால் யாரும் நடந்துபோய் எடுக்கமுடியாது, எடுக்க நினைக்கவும் கூடாது. விமானம் போனால் போகட்டும். அதனால் இங்கே இறக்கும் முறையைத் தெரிவு செய்யும்போது நான் விலையைவிட முதலில் பார்ப்பது, பிழைத்துப்போனால் அது எங்கே விழும் என்பதை. பரசூட் எவ்வளவு வசதியாக இருந்தாலும், காற்றுப் போகும் பக்கத்தில் வெடிபொருள் அகற்றாத நிலம் இருந்தால் அன்றைக்குப் பறப்பில்லை.

சட்டமும் இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சிலகாலம் ட்ரோன் பறப்பையே தடைசெய்து வைத்திருந்தார்கள். கடதாசி அனுமதியோடு நான் இன்னொன்றையும் செய்வேன். போர்க்காலத்தில் வானில் மணிக்கணக்காக இரைந்துகொண்டு நின்ற வேவு விமானத்தை இங்கே "வண்டு" என்றுதான் சொன்னார்கள். வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று தெரிந்த சனம் இது. சிறிய மோட்டரின் இரைச்சலும் ஏறக்குறைய அதே சுருதி. ஆகவே பறக்கவிட முதல்நாள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிடுவோம். ஒரு அம்மா முற்றத்துக்கு வந்து, விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "இவ்வளவு பாரமில்லாததா தம்பி?" என்று கேட்டார். பிறகு பறந்த நேரம் முழுக்கக் குசினி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் இப்போது இருப்பது அந்த மூன்று கிலோ விமானம்தான், மரக்குற்றி வைத்த பற்றரியோடு. கெற்றப்போலில் ஒழுங்காகக் கிளம்புகிறது. வயிற்றால் இறக்க அறுவடை முடியும்வரை காத்திருக்கவேண்டியிருப்பதால் காலபோகத்துக்குப் பரசூட் பூட்டலாம் என்று முடிவு. குடைத் துணி வாங்கியாயிற்று, எட்டுத் துண்டாக வெட்டியும் ஆயிற்று. சந்தியிலுள்ள தையல்காரரிடம் கொண்டுபோனேன். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆருக்கு அளவெடுத்தது?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.